விசில் அடிக்காத குக்கர்!

காலை ஏழே முக்கால் மணிக்குக் காந்திபுரத்தில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். வாசலுக்கு வெளியே பஸ்களின் ஹாரன். வாசலுக்கு உள்ளே குக்கர்களின் விசில். பஸ் போய்விடுமே என்று வீட்டு ஐயாவுக்குக் கவலை. பருப்பு இன்னும் வேகவில்லையே என்று அம்மாவுக்குக் கவலை. இந்த இரண்டு கவலைகளுக்கும் நடுவில்தான் நம் ஊர்க் குடும்பங்கள் தினந்தோறும் காலைப் பொழுதைக் கடத்துகின்றன.

அப்படிப்பட்ட ஒரு காலையில் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்க மறந்துவிட்டது. அடுப்பு எரிகிறது, ஐந்து நிமிஷமாயிற்று, பத்து நிமிஷமாயிற்று, குக்கர் மௌன விரதம் பூண்டு உட்கார்ந்திருக்கிறது. அடுப்பை அணைத்தேன். கரண்டிக் காம்பால் வெயிட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். வழக்கமாக வரும் "உஸ்" என்ற சத்தம் இல்லை. "சரி, உள்ளே ஆவியே இல்லை" என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மூடியில் கை வைத்தேன்.

"கண்ணு, கையை எடு!" என்று கூடத்திலிருந்து ஒரு குரல். எங்கள் அம்மாயிதான். "சத்தம் வரலீன்னா உள்ளே ஒண்ணுமே இல்லீன்னு அர்த்தமா? நல்லா ஆறட்டும். அப்புறம் திற."

அரை மணி நேரம் கழித்துத் திறந்தோம். வெயிட் உட்காருகிறதே, அந்தச் சின்னக் குழாயில் ஒரு துவரம் பருப்புத் தோல் போய் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்திருந்தது. ஆவி இல்லாததால் சத்தம் வராமல் இல்லை. ஆவிக்கு வழி இல்லாததால்தான் சத்தம் வரவில்லை! இந்த வித்தியாசம் அம்மாயிக்குத் தெரிந்திருந்தது; எனக்குத் தெரியவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் நிலையில் நான் இருந்திருப்பேனோ, என்னவோ!

குறுக்குத் தெருவில் ஒரு காட்சி

அதே வாரத்தில் இன்னொரு காட்சி. காந்திபுரத்துக் குறுக்குத் தெரு ஒன்றில் மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சித்தாள்கள் வரிசையாகச் சட்டி சுமந்து ஏறும் காட்சி இப்போது பெரிய கட்டடங்களில் அருகி வருகிறது. தரையில் ஒரு பம்ப் நிற்கிறது. அது கான்கிரீட் கலவையைக் குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. தெருவில் போகிறவர்கள் ஒரு கணம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். நானும் நின்றேன்.

திடீரென்று பம்ப் முனகியது. குழாய் ஒரு உதறு உதறியது. மாடியில் கலவை நின்றுவிட்டது. எங்கோ நடுவில் அடைப்பு!

"இப்போது சம்மட்டியை எடுத்துக் குழாயைத் தட்டுவார்கள்" என்று நான் எதிர்பார்த்தேன். மேஸ்திரி அப்படிச் செய்யவில்லை. முதலில் எல்லோரையும் விரட்டினார். கையில் காய்கறிப் பையுடன் நின்ற ஒரு பெண்மணியிடம், "தள்ளிப் போங்க அம்மிணி, குழாய்க்குப் பக்கத்தாலே நிக்காதீங்க" என்றார். பிறகு பம்ப் ஓட்டுகிறவருக்கு ஜாடை காட்டினார். பம்ப் இரண்டு மூன்று தடவை எதிர்ப்பக்கமாக ஓடியது. தள்ளிய கலவையைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொண்டது. அதற்குப் பிறகும் சற்று நேரம் காத்திருந்தார்கள். அப்புறந்தான் ஒருவர், குழாய்க்கு நேரே நில்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, இணைப்பைக் கழற்றினார். உள்ளே ஜல்லி கெட்டியாக இறுகிப் போயிருந்தது.

வேலையாட்களில் ஒருவர் வடக்கேயிருந்து வந்தவர். ஜாரியா பக்கமாம். "எங்க ஊர் நிலக்கரிச் சுரங்கத்திலே இதைவிடப் பெரிய குழாய்" என்றார் தமக்கு வந்த தமிழில். "மேலேயிருந்து மணல் வரும். அடைச்சுக்கிட்டா கிட்ட யாரையும் விடமாட்டாங்க."

சுரங்கத்துக்குள் மணலா? தோண்டி எடுக்கிற இடத்தில் எதற்காகக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்? உங்களுக்கு எழுகிற அதே கேள்வி எனக்கும் எழுந்தது. விசாரிக்கப் புறப்பட்டேன்.

பூமியின் வெறும் வயிறு

சுரங்கம் என்றதும் தமிழர்களுக்கு நினைவு வருவது கோலார் தங்க வயல்தான். வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து எத்தனை எத்தனையோ குடும்பங்கள் அங்கே பிழைக்கப் போயின. அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் மனிதர்கள் வேலை செய்தார்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியன்று அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அத்தனை ஆழத்தில் கல்லைக் குடைந்து எடுத்துவிட்டால், மேலேயுள்ள மலை போன்ற பாறையின் பாரத்தை யார் தாங்குவது? தாங்க முடியாமல் பாறைச் சுவர் திடீரென்று வெடித்துச் சிதறுவது உண்டு. அந்த விபத்துக்களில் உயிரிழந்தவர்கள் பலர். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய பொடியோ ஊரின் நடுவே குன்று குன்றாகக் குவிந்தது. காற்றடித்தால் இன்றும் அந்தத் தூள் பறந்து வீடுகளுக்குள் வருகிறது.

கீழே வெறும் பள்ளம். மேலே வீண் குன்று. மேலே இருப்பதைக் கொண்டுபோய்க் கீழே நிரப்பினால் என்ன? எளிமையான யோசனைதான். உலகத்தில் பல சுரங்கங்கள் இப்போது செய்வது இதைத்தான். இரண்டு வகையாகச் செய்கிறார்கள்.

ஒன்று, மணல் நிரப்புதல். ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரி வயல்களில் நெடுங்காலமாக நடந்துவந்த முறை இது. தாமோதர் போன்ற ஆறுகளின் மணலைத் தண்ணீருடன் கலந்து, குழாய் வழியாகக் கீழே இறக்கிவிடுவார்கள். மூங்கிலும் சாக்கும் வைத்துக் கட்டிய தடுப்புக்குப் பின்னால் அந்தக் குழம்பு போய் விழும். தண்ணீர் வடிந்துவிடும், மணல் தங்கிவிடும். வடிந்த தண்ணீரைப் பம்ப் வைத்து மேலே ஏற்றி மறுபடியும் உபயோகிப்பார்கள். இதனால் இரண்டு லாபம். மேலே இருக்கிற வீடும் தண்டவாளமும் இறங்காமல் இருக்கும். காற்றுப் புகுந்து நிலக்கரி தானாகத் தீப்பற்றுவதும் குறையும். ஜாரியாவில் 1916-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டுபிடித்த நிலத்தடி நெருப்பு இன்னமும் முழுவதும் அடங்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அவசியம் புரியும். 1936-ஆம் ஆண்டு டிசம்பரில் வங்காளத்துப் பொய்டி சுரங்கத்தில் நடந்த வெடி விபத்தில் 209 பேர் இறந்தார்கள். 1939-இல் மணல் நிரப்புவதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

இரண்டாவது வகை புதியது. ராஜஸ்தானத்தில் பில்வாரா ஜில்லாவில் ராம்புரா அகூச்சா என்ற துத்தநாகச் சுரங்கம் இருக்கிறது. உலோகத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சுகிற பொடியுடன் கொஞ்சம் சிமென்டும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, பற்பசை பதத்தில் குழாய் வழியாக அங்கே கீழே அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்ததும் அது இறுகிக் கல்லாகிவிடும். அந்தக் கல்லை நம்பிப் பக்கத்தில் தோண்டலாம்.

ஆனால் இரண்டு வகைக்கும் ஒரே ஒரு எமன் உண்டு. அதுதான் குழாய் அடைப்பு.

நான்கு யானை பலம்

அடைப்பு என்றால் எவ்வளவு அபாயம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்படாதீர்கள், பால் கணக்கைவிட எளிதுதான்.

பத்து மீட்டர் உயரத் தண்ணீர், அடியில் இருக்கும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 1 கிலோ பாரத்துடன் அழுத்தும். நம் சமையலறைக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளேயிருக்கும் கூடுதல் அழுத்தமும் ஏறக்குறைய அதே 1 கிலோதான். சுரங்கத்துக்குப் போகும் குழம்பு தண்ணீரைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கனமாக இருக்கக்கூடும். குழாய் 500 மீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் அடைத்துக்கொண்டால் அங்கே அழுத்தம் சுமார் 100 கிலோ. அதாவது நூறு குக்கர்களின் அழுத்தம் ஒரே இடத்தில்! குழாயின் வாய் 15 சென்டிமீட்டர் அகலமானால், அந்த அடைப்பை 17 டன்னுக்கும் மேற்பட்ட பாரம் தள்ளிக்கொண்டிருக்கும். வாளையாறு காட்டின் பெரிய ஆண் யானைகள் நான்கைச் சேர்த்து நிறுத்தினாற்போல!

இதில் இன்னொரு விந்தை. குழம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அடியில் இவ்வளவு அழுத்தம் இராது. ஓடுகிற ஓட்டத்தில் குழாய்ச் சுவருடன் உராய்ந்தே பலத்தில் பெரும் பங்கு செலவாகிவிடும். ஓட்டம் நின்றதும் முழுப் பாரமும் அடைப்பின்மேல் உட்கார்ந்துவிடும். ஓடும்போது சத்தம் போட்ட குழாய், நின்றதும் அமைதியாகிவிடுகிறது. அமைதியாக இருக்கும்போதுதான் அபாயம் அதிகம். விசில் அடிக்காத குக்கர்!

அடைப்பது எப்படி?

நம் கோயம்புத்தூர் கிரைண்டரில் மாவு ஆட்டுகிற யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் போதாவிட்டால் மாவு சுற்றாது. ஆட்டி முடித்ததும் கழுவாவிட்டால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். குழாயிலும் அப்படியே. தண்ணீர் குறைந்தாலோ ஓட்டத்தின் வேகம் தணிந்தாலோ மணல் அடியில் படிந்துவிடும். ஒரு கல், ஒரு மரத்துண்டு, குழாயில் முன்பு ஒட்டிக் காய்ந்த சிமென்டுச் சில்லு, இவற்றில் எது வேண்டுமானாலும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளலாம். மின்சாரம் போய் யந்திரம் நடுவில் நின்றாலும் ஆபத்து. ஆகவே முதலில் வெறும் தண்ணீர், பிறகு குழம்பு, கடைசியில் மறுபடியும் வெறும் தண்ணீர் என்பது எழுதாத சட்டம். மேலே கலவை போடுகிறவருக்கும் கீழே குழாய் முனையில் இருப்பவருக்கும் நடுவே டெலிபோனும் அவசியம். கீழே இருப்பவர் "நிறுத்து" என்றால் மேலே இருப்பவர் ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும்.

மெல்ல அவிழ்க்கும் வித்தை

அடைத்தே விட்டது. இனி என்ன செய்வார்கள்?

முதலாவது, மேலே கலவையை நிறுத்துகிறார்கள். வால்வை மூடிப் பூட்டுப் போட்டு, சாவியைக் கீழே வேலை செய்யப் போகிறவரே எடுத்துக்கொள்கிறார். தெரியாமல் ஒருவர் திறந்துவிடக்கூடாது அல்லவா?

இரண்டாவது, குழாய் போகும் வழியெல்லாம் ஆட்களை அப்புறப்படுத்துகிறார்கள். அடைத்த இடத்திலிருந்து மட்டும் அல்ல, நெடுகிலும். இரண்டு முனையிலும் காவல் நிற்கும்.

மூன்றாவது, அழுத்தமானிகளைப் பார்க்கிறார்கள். ஒன்றை மட்டும் பார்த்து நம்பினால் மோசம். மணல் புகுந்து அந்த மானியின் வாயே அடைத்திருக்கலாம். அப்போது முள் பூஜ்யத்தைக் காட்டும். உள்ளே நூறு குக்கர் இருக்கும். எங்கள் வீட்டு வெயிட் "உஸ்" என்று சொல்லாத கதைதான்! அடைப்பு இரண்டு இடத்தில் விழுந்து, நடுவில் அழுத்தம் சிறைப்பட்டுக் கிடப்பதும் உண்டு. இரண்டு பக்கமும் பூஜ்யம், நடுவில் பூகம்பம்.

நான்காவது, அழுத்தத்தை இறக்க வேண்டும். இதற்கென்றே கீழ்மட்டத்தில் முன்கூட்டி வடிகால் வால்வு வைத்திருப்பார்கள். தொலைவில் நின்றே அதைத் திறக்கலாம். குழம்பு யாரும் இல்லாத ஒரு குழிக்குள் போய் விழும். அழுத்தம் எல்லை மீறினால் தானே கிழிந்து வழிவிடும் மெல்லிய தகடு வைப்பதும் உண்டு. குக்கர் மூடியில் ஈயப் பொட்டு வைத்த ஸேஃப்டி வால்வு இருக்கிறதே, அதனுடைய அண்ணன் என்று இதைச் சொல்லலாம்.

ஐந்தாவது, வடிகால் இல்லாத இடத்தில் சிறைப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். குழாயை இறுகக் கவ்விக்கொள்ளும் ஒரு பட்டை, அதில் ஒரு வால்வு, வால்வின் வழியே குழாயில் சின்னத் துளை போடும் கருவி. துளை விழுந்ததும் உள்ளே அழுத்தம் இருந்தால் வால்வுக்குள் அகப்பட்டுக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடலாம். பழகியவர்கள் மட்டுமே செய்யும் வேலை இது.

ஆறாவதுதான் குழாயைக் கழற்றுவது. அப்போதும் துண்டுகளைச் சங்கிலியால் கட்டிவைத்துவிட்டு, ஒரு பக்கமாக நின்று, போல்ட்டுகளைக் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்த்து, கசிவு நின்ற பிறகே முழுவதும் எடுப்பார்கள். அடைப்புக்கு மேற்புறம் முதலில் காலியாக வேண்டும். இல்லாவிட்டால், அடைப்புக்குக் கீழே வெறும் குழாய்தானே என்று ஒருவர் திறந்து நிற்கும்போது, அடைப்பு தானாக நழுவி, மேலே நிற்கும் அத்தனை மணலும் தண்ணீரும் ரயில் வண்டி போல் வந்து சேரும்.

செய்யவே கூடாத காரியம் ஒன்றும் இருக்கிறது. அடைப்பைத் தள்ள அழுத்தமான காற்றை உள்ளே செலுத்துவது! தண்ணீர் அமுங்காது, சிறு வழி கிடைத்தாலே அதன் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். காற்று அமுங்கும், சுருட்டி வைத்த வில் போலப் பலத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அடைப்பு விட்டதும் அது பீரங்கிக் குண்டாகிவிடும்.

அவசரம் என்னும் பகைவன்

இவ்வளவு விதிகள் இருந்தும் ஏன் விபத்து நேருகிறது? அறியாமையால் நேருவதைவிட அவசரத்தால் நேருவதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. குழாயில் சிமென்டு இருக்கிறது. சில மணி நேரம் போனால் கல்லாகி முழுக் குழாயும் வீணாகும். மேலே வேலை நின்று நஷ்டம் ஏறுகிறது. "சீக்கிரம், சீக்கிரம்!" என்று டெலிபோன் அலறுகிறது. அந்த நேரத்தில் ஒருவர் சம்மட்டியைத் தூக்கினால் கேட்பார் யார்?

அவசரம் என்றால் என்ன என்று குடும்ப ஸ்திரீகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணிப் பள்ளிக்கூட வண்டியும், எட்டேகால் ஆபீஸ் பஸ்ஸும் உங்கள் தலையில்தான் ஓடுகின்றன. ஆனால் ஒன்று யோசியுங்கள். குழாய் வீணானால் வேறு குழாய் போடலாம். ஒரு நாள் வேலை போனால் மறுநாள் செய்யலாம். வீட்டு வாசலில் ஒருவர் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களுக்கு எதைக் கொடுத்து ஈடு செய்வது? கலவையை விட்டுவிடலாம், ஆளை விடக்கூடாது. இந்த ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும் மேற்சொன்ன ஆறு விதிகளும்.

இது ஆண்களின் சமாசாரம் என்றும் இனி ஒதுக்கிவிட முடியாது. 2019-ஆம் ஆண்டு வெளியான அரசு அறிவிப்பின்படி பெண்களும் சில நிபந்தனைகளுடன் நிலத்தடிச் சுரங்க வேலைக்குப் போகலாம் என்று ஆகியிருக்கிறது. பெண் இஞ்சினீயர்கள் இப்போது தலையில் விளக்கு கட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார்கள். நாளைக்கு அந்த வால்வின் சாவி உங்கள் மகளின் சட்டைப் பையில் இருந்தாலும் இருக்கும்.

மறுபடியும் சமையலறைக்கு

1679-இல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் ஓர் இறுகிய மூடியுள்ள பாத்திரத்தைச் செய்து, எலும்பையே மிருதுவாக வேகவைத்துக் காட்டினார். நம் குக்கருக்கு அதுவே பாட்டனார். பாத்திரம் வெடிக்கக்கூடும் என்று கண்டுகொண்ட அவர், அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் வால்வையும் சேர்த்தே அமைத்தார். அழுத்தத்தை அடைத்து வைக்கத் தெரிந்தவன் அதை வெளியே விடவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த மனிதர் மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இதைக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

ஆகவே, தினமும் குக்கரை அடுப்பில் ஏற்றுமுன் வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, மறுபுறம் தெரிகிறதா என்று பாருங்கள். அரை விநாடி வேலை. பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பொங்கி நுரைக்கும் பருப்பு வகையானால் பாதியோடு நிறுத்துங்கள். ஸேஃப்டி வால்வு போய்விட்டால் அதே குக்கருக்குரிய வால்வையே வாங்கிப் போடுங்கள். வேறு எதையாவது வைத்து ஓட்டையை அடைத்தால், காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்கப் போன மாதிரி ஆகும். வழக்கமான நேரத்துக்குள் விசில் வராவிட்டால் அடுப்பை அணையுங்கள், வெயிட்டைத் தொடாதீர்கள், குக்கர் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள். மூடி சுலபமாகத் திறக்க மறுத்தால், அது உங்களுடன் சண்டை போடவில்லை. "உள்ளே இன்னும் இருக்கிறது" என்று சொல்லுகிறது.

அன்று எங்கள் வீட்டில் பருப்பு தாமதமாயிற்று. பஸ்ஸும் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் தயிரும் ஊறுகாயும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். "ஒரு வேளை பருப்பில்லாட்டி என்ன கண்ணு, கை இருக்குதல்ல!" என்றாள் அம்மாயி.

சுரங்கம் என்றால் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் ஜாரியாவிலிருந்து வந்த அந்தத் தொழிலாளியும், காந்திபுரத்து மேஸ்திரியும், எங்கள் அம்மாயியும் சொன்னது ஒன்றேதான். சத்தம் இல்லையென்றால் உள்ளே ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதே. ஒன்றுமில்லை என்று நிச்சயமான பிறகே கை வை.